நாடக நோட்டீஸ் பெட்டியை ஊருக்குத் திறப்பது எப்படி

மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்தின் (கலைஞர்களைத் தனித்தனியாகப் பேசிக் கூப்பிட்டு ஒரு ராத்திரிக்குச் சேர்ந்து ஆட வைக்கும் நாடகம்) பழைய நோட்டீஸ், போட்டோ, கேசட், பாட்டுப் புத்தகம் என்று யாராவது ஒரு ரசிகர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்திருப்பார். அவர் காலத்துக்குப் பிறகு அது ஒரு நூலகத்தின் மாடிக்கோ கல்லூரித் தமிழ்த்துறையின் பீரோவுக்கோ வந்து சேரும். சரி, மக்களுக்குத் திறந்துவிடலாம் என்று முடிவானதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ரிப்பன், குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினர். அந்தச் செலவை மிச்சம் பிடியுங்கள். உங்களிடம் இருப்பது காகிதம்தான். நோட்டீஸில் சிரிக்கிற அந்த பபூன் யார், பின்பாட்டுக்காரர் எந்த ஊர், பக்கத்தில் நிற்கும் ஆல்ரவுண்ட் (டிரம்ஸும் மற்ற தாளக் கருவிகளும் வாசிப்பவர்) யாருடைய மகன் என்பதெல்லாம் பார்க்க வருகிறவர்களின் தலையில் இருக்கிறது. அவர்கள் பேசவும் நீங்கள் எழுதிக்கொள்ளவும் தோதாக நிகழ்ச்சியை அமைத்தால் போதும், மற்றதெல்லாம் அலங்காரம்.

முதலில் தேதி. பங்குனி, சித்திரை, வைகாசியில் வைக்காதீர்கள். கோயில் திருவிழாக்களில் ராத்திரி பத்து மணிக்கு ஏறி விடிய விடிய ஆடிவிட்டு வருகிறவர்கள் பகலில் தூங்குவார்கள், சாயங்காலம் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். மார்கழி நல்ல மாதம், நாடகம் குறைவு. இன்னொரு வழி, நாடகக்காரர்கள் குருவாக வணங்கும் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் குருபூஜையை ஒட்டி வைப்பது. அவர் மறைந்தது 1922 நவம்பர் 13. கலைஞர்கள் எப்படியும் கூடுகிற நேரம் என்பதால் நீங்கள் தனியாக ஆள் திரட்ட வேண்டியதில்லை. ஒரே சிக்கல், நவம்பர் மழைக்காலம். அசல் நோட்டீஸ் எதுவும் பீரோவை விட்டு வெளியே வரக்கூடாது, நகல் மட்டும் போகட்டும்.

மழை இல்லாவிட்டாலும் நகல்தான். ஏ3 அளவில் பிரிண்ட் எடுத்து, துணிக்கொடி கட்டி கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். எழுத்து பெரிதாக இருக்கும், வயதானவர்கள் கிட்டப் போய்த் தொட்டுப் பார்க்கலாம், டீ சிந்தினாலும் யாரும் பதற வேண்டாம். ஒவ்வொன்றின் மூலையிலும் கொட்டை எழுத்தில் ஒரு நம்பர். பேசுகிறவர் "இந்தப் படத்துல இருக்கிறது எங்க சித்தப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார், ஒலிப்பதிவைப் பிறகு கேட்கும்போது எந்தப் படம் என்று தெரியாது. யார் வாயைத் திறந்தாலும் முதலில் நம்பரைச் சொல்ல வைப்பது உங்கள் வேலை. போனிலேயே பதிவு செய்யலாம், ஆனால் இரண்டு போன் வையுங்கள், ஃபேனை நிறுத்துங்கள்.

இடம் கல்யாண மண்டபமாக இருந்தால் எதிரொலியில் ஒன்றும் விளங்காது. என் ஓட்டு ஊரில் இருக்கும் நாடக மேடைக்கு. பல கிராமங்களில் சிமெண்டில் கட்டி, உபயம் இன்னார் என்று பெயர் செதுக்கிய நிரந்தர மேடை இருக்கும். அந்த ஊரில் நடந்த நாடகங்களின் நோட்டீஸ்களை மட்டும் பொறுக்கி எடுத்து அந்த மேடையிலேயே மாட்டினால், கல்லூரி வாசலை மிதிக்கத் தயங்குகிறவர்களும் வந்து நிற்பார்கள்.

வந்தவர்களைப் பேச வைக்க நான் பார்த்தவரை சிறந்த வழி, வருஷம் கண்டுபிடிக்கும் விளையாட்டு. பழைய நோட்டீஸ்களில் தேதியும் கிழமையும் இருக்கும், ஆண்டு பல சமயம் இருக்காது. தமிழ் வருஷப் பெயர் இருந்தால் பாதி வேலை முடிந்தது: பிரஜோற்பத்தி என்றால் 1991-92, அல்லது அதற்கு அறுபது ஆண்டு முந்தையது. மாவட்டப் பெயரைப் பாருங்கள். 'பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம்', 'காமராஜர் மாவட்டம்' என்று அச்சிட்டிருந்தால் அது 1985-க்கு முன்பு இருக்க முடியாது, அந்தப் பெயர்கள் அரசு வழக்கில் 1997 வரைதான். 'புதுக்கோட்டை மாவட்டம்' என்றால் 1974-க்குப் பிறகு. இதோடு கிழமையையும் பொருத்தினால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் சுருங்கிவிடும். அதற்கு மேல் உங்களுக்கு வழி இல்லை, கூட்டத்தில் இருக்கும் ஒரு அம்மா "அந்த வருஷம்தானே எனக்குக் கல்யாணம்" என்று சொல்வதுதான் வழி. பள்ளிப் பிள்ளைகளிடம் போனில் காலண்டரைத் தேடச் சொல்லி, ஆளுக்கொரு பெரியவருடன் ஜோடி சேர்த்துவிடுங்கள். பிள்ளைகள் வந்தால் அப்பா அம்மாவும் வருவார்கள் என்பது கூடுதல் லாபம்.

"உங்க வீட்டுல இருக்கிறதையும் எடுத்துட்டு வாங்க" என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வாசலில் ஒருவர் உட்கார்ந்து பெயர், ஊர், கொண்டுவந்த பொருள் என்று எழுதி டோக்கன் கொடுக்கட்டும். போட்டோவை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள், நோட்டீஸுக்கு 400 போதும். அன்றைக்கே கையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், ராத்திரி தங்கக்கூடாது. யாராவது நல்ல எண்ணத்தில் லேமினேட் செய்து தருகிறேன் என்று வந்தால் தடுத்துவிடுங்கள், செலோடேப்புக்கும் அதே பதில். கேசட் வந்தால் அங்கேயே போட்டுக் கேட்க வேண்டாம், நாடா சிக்கினால் போச்சு. ஒரு முறை நிதானமாக டிஜிட்டலுக்கு மாற்றிவிட்டு அடுத்த கூட்டத்தில் கேட்கலாம். கிராமபோன் தட்டு வந்தால் ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், 78 வேகத் தட்டில் இருப்பது அரக்கு, ஸ்பிரிட்டில் கரையும்.

பாட்டைப் போட்டுக் காட்டலாமா என்று கேட்பீர்கள். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1933-இல் மறைந்த நாடக நடிகர், பாடகர் எஸ்.ஜி.கிட்டப்பா காலத்தில் வந்த தட்டுகளுக்கு அந்த உரிமை முடிந்துவிட்டது. எண்பதுகளின் நாடகக் கேசட்டுக்கு இன்னும் முடியவில்லை, வெளியிட்டவரிடமும் பாடியவரிடமும் கேட்க வேண்டும்.

சட்டத்தைவிடச் சிக்கலான இடம் வேறு. ஸ்திரீபார்ட்டும் (கதாநாயகி வேஷம்) டான்ஸும் ஆடிய பெண்களில் பலர் தொழிலை விட்டு, பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய், அந்தப் பழைய வாழ்க்கையைப் பற்றித் தெரு அறிய வேண்டாம் என்று இருக்கிறார்கள். மேடையில் ஆடிய பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று நமக்குத் தெரியாததா. அந்த நோட்டீஸை நீங்கள் கலைப் பொக்கிஷம் என்று கொடியில் மாட்டுவீர்கள், யாராவது போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் தட்டுவார், மறுநாள் மருமகன் வீட்டில் சண்டை. ஆகவே உயிரோடு இருக்கிறவர்களின் படம் என்றால் முன்கூட்டியே வீட்டுக்குப் போய்க் கேளுங்கள், முடிந்தால் ஒரு பெண் போகட்டும். மூன்று கேள்வியையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: பேச்சைப் பதிவு செய்யலாமா, இந்தக் கூட்டத்தில் படத்தை வைக்கலாமா, இணையத்தில் போடலாமா. முதலாவதுக்குச் சரி என்றவர் மூன்றாவதுக்கு வேண்டாம் என்பார், அதுவும் பதில்தான். படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்காமல் வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். பிறகு மனம் மாறினால் எடுத்துவிடுவோம் என்றும் சொல்லுங்கள், சொன்னால் எடுக்கவும் வேண்டும்.

அப்புறம் காசு. கலைஞரைக் கூப்பிட்டு "நாலு பாட்டு பாடுங்கண்ணே" என்று கேட்டுவிட்டுப் பொன்னாடையோடு அனுப்புவது அசிங்கம். பாடுவது அவருடைய தொழில். சம்பளம், பஸ் செலவு, சாப்பாடு, ஆர்மோனியக்காரருக்கும் சேர்த்து முன்பே பேசிக் கவரில் போட்டு வைத்துவிடுங்கள். பட்ஜெட் இடித்தால் ஃபிளெக்ஸ் பேனரை வெட்டுங்கள்.

கூட்டம் முடிந்த ஒரு வாரத்துக்குள் பதிவுகளைக் கேட்டுப் பட்டியலைத் திருத்திவிடுங்கள், தள்ளிப்போட்டால் எந்தக் குரல் யாருடையது என்று உங்களுக்கே மறந்துவிடும். சொன்னவர் பெயரையும் தேதியையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள், தீர்ப்பு வேண்டாம். ஸ்கேன் செய்த படத்தின் பிரிண்ட் ஒன்று கொண்டுவந்தவர் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும், இதைச் செய்யாதவர்களை ஊர் அடுத்த முறை உள்ளே விடாது.

யாராவது உணர்ச்சிவசப்பட்டு "இந்த டிரங்குப் பெட்டியையே வச்சுக்கங்க" என்று அங்கேயே கொடுத்தால் உடனே வாங்கிவிடாதீர்கள். வீட்டில் அண்ணன் தம்பி இருப்பார்கள், பேசிவிட்டு வரச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்தும் கொடுக்கிறேன் என்றால் பட்டியல் போட்டு, தானமா இரவலா என்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டு வாங்குங்கள். பெட்டியை உள்ளே வைக்கும் முன் கரையான் இருக்கிறதா என்று வெளியில் வைத்தே பார்த்துவிடுங்கள்.