ஊருணியைத் தூர்வாரும் முன் ஊரைக் கூட்டுங்கள்

ஊருணியைச் சரிசெய்யலாம் என்று நாலு பேர் கிளம்பியதும் ஜேசிபிக்குப் போன் போடாதீர்கள். வெயில் தாழ்ந்ததும் கரையைச் சுற்றி ஒரு நடை போய், இப்போது யார் அங்கே வருகிறார்கள், யார் வருவதில்லை, ஏன் என்று கேளுங்கள். படித்துறை இடிந்ததால்தான் பெண்கள் வருவதில்லை என்று எங்கள் ஊரில் நினைத்திருந்தோம். கேட்டால், இருட்டினதும் சிலர் அங்கே உட்கார்ந்து குடிக்கிறார்கள், காலெல்லாம் பாட்டில் சில்லு குத்துகிறது என்றார்கள். அதனால் முதலில் விளக்குப் போட்டோம், ஞாயிற்றுக்கிழமை சாக்கோடு போய்ச் சில்லு பொறுக்கினோம்.

அப்புறம் கிராம சபை. வருடத்துக்கு ஆறு முறை நடப்பதில் மார்ச் 22 நமக்குத் தோது. அன்று தீர்மானம் போட்டால் சித்திரை, வைகாசியில் ஊருணி வற்றிக் கிடக்கும்போது வேலையை முடித்து, ஐப்பசி மழைக்குத் தயாராகிவிடலாம். ஊர் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைத் தரும் நமக்கு நாமே திட்டத்தையும் அங்கேயே கேளுங்கள். எந்தத் தெருக்காரர் வந்தாலும் ஒரே படித்துறைதான் என்பதையும் அதே கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பேசி முடித்துவிடுங்கள். பேசக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் தண்ணீர் நிறைந்த பிறகு பேசினால் அது சண்டையாகிவிடும்.

சீமைக்கருவேலத்தைத் தூரோடு பிடுங்க வேண்டும், வெட்டி விட்டால் அடுத்த மழைக்கே தழைத்துவிடும். வரத்துக்கால்வாயைச் சுத்தம் செய்யாமல் குழியை மட்டும் ஆழமாக்கிப் பயனில்லை, ரொம்பத் தோண்டி அடிக்களிமண்ணை உடைத்தால் நிற்கிற தண்ணீரும் இறங்கிவிடும். வண்டலை வயலுக்கு எடுக்கத் தாசில்தார் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கணக்கு. ரேஷன் கடைச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டி, 'டீசல் 2,400, கயிறு 90, டீ 180' என்று அன்றன்றைக்கே எழுதினோம். பணம் தர முடியாதவர் பெயருக்கு எதிரே 'ஒரு நாள் மண்வெட்டி வேலை' என்று எழுதினோம், அதுவும் ஊருக்குத் தரும் வரிதான். நாலாவது நாள், அதுவரை ஒதுங்கியே நின்ற ஒரு பெரியவர் பலகையை மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்துவிட்டு, வீட்டுக்குப் போய் மண்வெட்டியோடு வந்தார்.

வேலை முடிந்ததும் பலகையைக் கழற்றாதீர்கள். கரையைக் கூட்ட மாதம் ஒரு தெரு என்று முறை வைத்து, அதையும் அதிலேயே எழுதுங்கள்.