பேட்டி எடுத்து, அந்த ஆளை எழுத்தில் கொண்டு வருவது எப்படி?

ஒருவரைப் பேட்டி கண்டு எழுதச் சொன்னால், பிறந்த ஊர், படிப்பு, வாங்கிய விருது என்று அடுக்கிவிடுகிறோம். படித்து முடித்தால் விவரம் தெரியும், ஆள் தெரியமாட்டார். காஞ்சிபுரத்தில் கோர்வைப் புடவை நெய்யும் ஒருவரை எழுதப்போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதலில், தொழிலைக் கொஞ்சமாவது தெரிந்துகொண்டு போங்கள். கோர்வையில் புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், மூன்று நாடா (குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டை) ஓடும், ஒரு பக்கக் கரைக்கு இன்னொருவர் கூடவே உட்கார வேண்டும். இவ்வளவு தெரிந்தாலே "உங்க பக்கத்துல உக்காந்து கரை நாடா போடுறது யாருங்க?" என்று கேட்கத் தோன்றும். அந்த ஒரு கேள்வியில் வீடே உள்ளே வந்துவிடும்.

இரண்டாவது, தறி இருக்கும் இடத்திலேயே பேசுங்கள். அனுமதி கேட்டு ஃபோனில் பதிவு செய்யுங்கள், ஆனால் நோட்டும் கையில் இருக்கட்டும். இழை அறுந்தால் பேச்சை நிறுத்துகிறாரா, பேசிக்கொண்டே முடிச்சுப் போடுகிறாரா என்பதெல்லாம் ரெக்கார்டிங்கில் வராது. தறிச் சத்தத்தில் குரல் அமுங்கிப்போகும், அதனால் முக்கியமான கேள்விகளை டீ குடிக்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கேள்விகள். எனக்கு இதுதான் உயிரான இடம். "இந்தத் தொழிலைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்றால் மேடைப் பேச்சுதான் கிடைக்கும். "கடைசியா எப்போ நெய்ததைப் பிரிச்சு மறுபடி நெய்தீங்க, என்ன ஆச்சு?" என்று கேளுங்கள், சம்பவம் வரும். சொல்லி முடித்ததும் அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். "சரி, அப்புறம்?" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள்.

அன்று ராத்திரியே பதிவை நீங்களே கேட்டு எழுதிவிடுங்கள். எழுதும்போதே அவர் எதற்குத் திரும்பத் திரும்ப வருகிறார் என்பது பிடிபடும். நிறத்துக்கே வருகிறார் என்றால் நிறம்தான் உங்கள் கட்டுரை. மற்றதை, எவ்வளவு நன்றாக இருந்தாலும், விட்டுவிடுங்கள். பிறந்த வருடம் நடுவில் எங்காவது அரை வரியில் வரட்டும்.

தொடக்கம் இப்படி இருக்கலாம்: "கிளிப்பச்சை நூலை வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, 'இது அரக்குக்கு நிக்காதுங்க' என்று திரும்ப வைத்துவிடுகிறார்." இதை நீங்கள் நேரில் பார்த்திருந்தால் மட்டும். அவர் பேசியதை அவர் பேசியபடியே போடுங்கள், எழுத்துத் தமிழுக்கு மாற்றவே மாற்றாதீர்கள். "எளிமையானவர்", "கடின உழைப்பாளி" மாதிரி வார்த்தைகளை எல்லாம் அடித்துவிடுங்கள்.

கடைசியாக, பெயர், வருடம், கூலிக் கணக்கு எல்லாவற்றையும் ஃபோன் போட்டுச் சரிபாருங்கள். கடன், குடும்பச் சண்டை என்று பேச்சுவாக்கில் சொன்னதை எழுதலாமா என்றும் கேளுங்கள், வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். முதலாளியிடம் பாவு (தறியில் நீளவாக்கில் பூட்டும் நூல்) வாங்கிக் கூலிக்கு நெய்பவர் என்றால், நீங்கள் எழுதும் ஒரு வரி அடுத்த பாவு கிடைக்குமா என்பதையே பாதிக்கலாம்.