கிரனாடாவில் அலையாமல் ஒரு வாரம்: அல்ஹம்ப்ரா டிக்கெட், ஹலால் சாப்பாடு, தொழுகை

போன அக்டோபரில் உம்மாவைக் கூட்டிக்கொண்டு ஸ்பெயினில் இருக்கும் கிரனாடாவுக்குப் போய் ஏழு நாள் தங்கிவிட்டு வந்தேன். வந்த நாளிலிருந்து சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக "சாப்பாட்டுக்கு என்ன செஞ்சீங்க, தொழ இடம் இருந்துச்சா" என்று கேட்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். விசா, காப்பீடு பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை.

முதலில் ஒன்று. அந்த ஏழு நாளில் கடிகாரம் பார்த்து ஓட வேண்டியவை இரண்டுதான்: பழைய முஸ்லிம் அரசர்களின் அரண்மனைக் கோட்டையான அல்ஹம்ப்ராவில் உங்களுக்குக் கொடுத்த நேரம், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை. மற்ற எதற்கும் நேரம் குறிக்காதீர்கள். மேடும் படியுமாக இருக்கிற ஊர், முழங்கால் வலி உள்ளவர்களோடு போனால் ஒரு நாளைக்கு ஒரு இடமே போதும்.

படி 1: அல்ஹம்ப்ரா டிக்கெட்

விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே இதைப் பாருங்கள். நஸ்ரி அரண்மனைகளுக்குள் (நஸ்ரி என்பது கிரனாடாவை ஆண்ட கடைசி முஸ்லிம் அரச வம்சம்) அரை மணிக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்துத்தான் விடுகிறார்கள், சீசனில் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். அல்ஹம்ப்ரா நிர்வாகத்தின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள். இடைத்தரகர் தளங்கள் எனக்குப் பிடிக்காது, விலையும் கூட. 'ஜெனரல்' என்ற டிக்கெட்தான் வேண்டும். 'தோட்டங்கள், ஹெனராலிஃபே (அரசர்களின் கோடை மாளிகை), அல்கஸாபா (கோட்டை)' என்ற டிக்கெட்டில் நஸ்ரி அரண்மனைகள் கிடையாது. விலை குறைவாக இருக்கிறதே என்று அதை வாங்கிவிட்டு அங்கே போய் வருத்தப்படுகிறவர்கள் உண்டு.

படிவத்தில் குடும்பப் பெயர் கட்டாயம் கேட்கும். உம்மாவின் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான், அந்தக் கட்டம் காலி. அதே பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதினேன், வாசலில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, எங்கள் விஷயத்தில் பாஸ்போர்ட் எண்ணைத்தான் பார்த்தார்கள். எண் ஒரு எழுத்துகூடப் பிசகக் கூடாது. உள்ளேயும் கேட்பார்கள் என்பதால் பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

நான் தடுமாறியது இந்த நேர விஷயத்தில்தான். டிக்கெட்டில் 10.30 என்று போட்டிருந்தால் அது வெளிவாசலுக்கான நேரமில்லை, நஸ்ரி அரண்மனையின் கதவு முன்னால் நிற்க வேண்டிய நேரம். நான் அதைப் புரிந்துகொள்ளாமல் 10.15க்குப் பிரதான நுழைவாயிலில் போய் நின்றேன். அங்கிருந்து அரண்மனைக்கு நல்ல நடையில் கால் மணி நேரம் ஆகும், உம்மாவோடு என்றால் கேட்கவே வேண்டாம். உம்மா மூச்சு வாங்க வாங்க நடந்து வந்ததை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டமாக இருக்கிறது. டிக்கெட் கையிலிருந்தால் அந்த வாசலுக்கே போக வேண்டாம், 1348இல் நஸ்ரி அரசர் முதலாம் யூசுப் கட்டிய நீதி வாசல் வழியாக நுழையுங்கள். அங்கிருந்து அரண்மனை பக்கம். ஊருக்குள்ளிருந்து சி30 மினி பஸ்ஸில் ஏறினால் அந்த வாசலுக்குக் கிட்டவே இறங்கலாம். ஹெனராலிஃபே தோட்டத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் சுவர்களைப் பாருங்கள். 'வ லா காலிப இல்லல்லாஹ்', அல்லாஹ்வைத் தவிர வெல்பவன் இல்லை என்ற வாசகத்தை நஸ்ரி அரசர்கள் சுவருக்குச் சுவர் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உம்மாவுக்கு ஆங்கிலமும் தெரியாது, ஸ்பானிஷும் தெரியாது. ஆனால் அரபியில் குர்ஆன் ஓதத் தெரியும். கூட்டம் முழுக்க வழிகாட்டியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உம்மா சுவரையே வாசித்துக்கொண்டு நின்றார்கள். சிங்க முற்றத்தின் நீரூற்றுத் தொட்டியைச் சுற்றி அரசவைக் கவிஞர் இப்னு ஸம்ரக்கின் கவிதை இருக்கிறது, அதையும் எழுத்துக் கூட்டிப் பார்த்தார்கள்.

படி 2: தங்கும் இடம்

அல்ஹம்ப்ராவுக்கு எதிரே இருக்கும் பழைய பகுதியான அல்பைசின் மேட்டின் உச்சியில் வீடு எடுத்தால் காட்சி அழகு, ஆனால் கூழாங்கல் பதித்த சந்துகளில் சக்கரப் பெட்டியை இழுக்க முடியாது, டாக்ஸியும் எல்லாச் சந்துக்குள்ளும் வராது. அடிவாரத்தில் பிளாஸா நுயேவா, எல்விரா தெருப் பக்கம் சமையலறையுள்ள வீடாகப் பாருங்கள். மேலே போக சி31 பஸ் இருக்கிறது. மொராக்கோக்காரர்களின் டீக்கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் நிறைந்த கால்தெரேரியா நுயேவாவும் அங்கேதான். மாலையில் புதினா டீ குடிக்க அங்கே போவது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

படி 3: சாப்பாடு

இதை நிதானமாகப் படியுங்கள். 'ஸின் கார்னே' என்றால் இறைச்சி இல்லாமல் என்று அர்த்தம். அதைச் சொல்லித்தான் முதல் நாள் ஒரு கடையில் அவரைக்காய் மாதிரி ஏதோ கேட்டேன், மேலே ஹமோன் துண்டுகளைத் தூவிக் கொண்டுவந்தார்கள். அது பன்றித் தொடையை உப்பிட்டு உலர்த்தியது. அவர்கள் ஏமாற்றவில்லை. அங்கே பலருக்குக் 'கார்னே' என்றால் பெரிய இறைச்சித் துண்டு, ஹமோன் என்பது கறிவேப்பிலை மாதிரி மேலே போடுவது. அதனால் பொருளின் பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும்: "யேவா ஹமோன், செர்தோ ஓ அல்கோல்?" ஹமோன், பன்றி, மது ஏதாவது சேருமா என்று அர்த்தம். நான் இதை ஸ்பானிஷில் அட்டையில் எழுதி வைத்து நீட்டினேன். செல்போன் செயலியைவிட அட்டை எவ்வளவோ மேல், சமையல்காரரிடமே கொண்டுபோய்க் காட்டிக் கேட்டு வந்தார்கள்.

சால்மொரேஹோ என்ற தக்காளிச் சூப்பின் மேலும் ஹமோன் வரும். பருப்புக் குழம்பில் சோரிசோ என்ற பன்றி இறைச்சித் தொத்திறைச்சி, க்ரோகெத்தா என்ற பொரித்த உருண்டையின் உள்ளே ஹமோன். கிரனாடாவில் குடிக்க எதையாவது சொன்னால் கூடவே ஒரு தட்டு தப்பாஸ் என்ற நொறுக்குத் தீனி இலவசமாக வரும், அதில் என்ன இருக்கும் என்பது கடைக்காரர் விருப்பம், ஆகவே ஜூஸ் சொல்லும்போதே "ஸின் செர்தோ", பன்றி இல்லாமல், என்று சொல்லிவிடுங்கள்.

பேக்கரியில் இன்னொரு சிக்கல். மான்தெகீயா வெண்ணெய், மான்தேகா பன்றிக் கொழுப்பு. பொட்டலத்தில் இந்த இரண்டையும் எழுத்துக் கூட்டிப் படியுங்கள். மான்தெகாதோ, போல்வொரோன் என்ற பலகாரங்களில் பெரும்பாலும் கொழுப்புதான்.

நாங்கள் விரும்பிச் சாப்பிட்டது கத்தரிக்காயை மெல்லிசாகச் சீவிப் பொரித்துக் கரும்புப் பாகு ஊற்றித் தருவது. ரெமோஹோன் என்று ஆரஞ்சும் உப்புமீனும் சேர்த்த சாலட் ஒன்று உண்டு, உம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்தது. (ஆரஞ்சுக்கு அங்கே நராஞ்ஹா. அரபி நாரஞ்ச், பாரசீக நாரங் வழியாகப் போன சொல், நம் நாரத்தையின் சொந்தக்காரன்.) பாதி நாள் வீட்டிலேயே சமைத்தோம். 'கார்னிசெரியா ஹலால்' என்ற பலகை போட்ட கறிக்கடையில் கோழி வாங்கிக்கொண்டோம், மசாலாப்பொடி மட்டும் ஊரிலிருந்து கொண்டுபோனது.

படி 4: தொழுகை

கிப்லா, அதாவது தொழும்போது நோக்க வேண்டிய மக்காவின் திசை, ஏறக்குறைய கிழக்கு, சற்றே தெற்கு சாய்வாக, சுமார் 100 பாகை. தடித்த சுவருள்ள பழைய வீடுகளில் செல்போன் திசைகாட்டியை நான் நம்பவில்லை, முதல் நாள் காலை சூரியன் எழும் இடத்தைப் பார்த்து அறையில் அடையாளம் வைத்துக்கொண்டேன். அக்டோபரிலும் மார்ச்சிலும் இது ஏறக்குறைய சரியாக வரும்.

அல்பைசின் மேட்டில் சான் நிகோலாஸ் முற்றத்துக்குப் பக்கத்திலேயே கிரனாடா பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. 1492இல் நகரம் முஸ்லிம் அரசர்களிடமிருந்து கிறிஸ்தவ அரசர்களுக்குக் கைமாறி ஐந்நூறு வருடத்துக்குப் பிறகு, 2003இல் திறந்தது. பள்ளியின் தோட்டத்தில் நின்றால் எதிர்க்குன்றில் அல்ஹம்ப்ரா முழுசாகத் தெரியும். ஜும்ஆவுக்குச் சீக்கிரமே போய் அங்கே உட்கார்ந்துவிட்டோம்.

கோடையில் போகிறவர்கள் கவனிக்க: ஜூன் கடைசியில் சூரியன் மறைந்ததும் தொழும் மஃரிப் இரவு 9.40 வாக்கில்தான், இரவுத் தொழுகையான இஷா பதினொன்றைத் தாண்டும். சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் இருந்தால் அக்டோபரோ மார்ச்சோ நல்லது.

பின்சேர்க்கை: பக்கத்து நகரமான கோர்தோபாவுக்கு ஒரு நாள் போய் வரலாமா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ரயிலில் தாராளமாகப் போகலாம். ஆனால் அங்குள்ள பழைய பெரிய பள்ளிவாசல் இப்போது கிறிஸ்தவ தேவாலயம், அதற்குள் நாம் தொழ அனுமதி இல்லை, காவலர்கள் தடுப்பார்கள். மதியத் தொழுகையான லுஹரை முடித்துவிட்டு உள்ளே போங்கள்.

பின்சேர்க்கை 2: 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அல்ஹம்ப்ரா இலவசம், ஆனாலும் அவர்கள் பெயரிலும் டிக்கெட் எடுக்க வேண்டும். ஒரு வாசகி இது தெரியாமல் போய்ச் சிரமப்பட்டிருக்கிறார்.

பின்சேர்க்கை 3: அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். அந்த வாரம் போகிறவர்கள் முன்பே அச்சிட்ட தொழுகை அட்டவணையை வைத்துக்கொண்டு குழம்ப வேண்டாம், பள்ளி வாசலில் ஒட்டியிருப்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.