நாயோடு சிங்கப்பூரில் வீடு தேடுகிறவர்களுக்கு

நாய் வைத்துக்கொண்டு வீடு மாறப்போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தப் பூங்கா பக்கத்துல பார்க்கலாம்க்கா?" என்பதுதான். பூங்காவின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் நான் ஒன்றைச் சொல்லிவிடுவேன். இங்கே எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் நாயை ஏற்ற முடியாது. வழிகாட்டி நாய்களுக்கு மட்டும்தான் அனுமதி. நடந்து போக முடியாத பூங்கா எவ்வளவு அழகாக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் ஆகும். தினமும் இரண்டு வேளை உங்கள் நாய் நடக்கப்போவது புளோக்கை, அதாவது உங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தைச் சுற்றித்தான். லிஃப்டை விட்டு வெளியே வந்து பத்து நிமிடத்துக்குள் என்ன கிடைக்கிறது என்று பார்த்து வட்டாரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

அதற்கும் முன்னால் சட்டம். வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஒரு நாய்தான், அதுவும் அனுமதிப் பட்டியலில் உள்ள சிறிய இனமாக இருக்க வேண்டும். பூடில், ஷிட்சூ, பக் சரி. லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர் கூடாது. என் நாய் மிளகு, 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்று இங்கே சொல்கிற உள்ளூர்க் கலப்பினம். அப்படிப்பட்ட நாய்களை வீவக வீட்டில் வைத்துக்கொள்ள 'அடோர்' என்ற திட்டம் இருக்கிறது. உயரம் 55 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், கீழ்ப்படிதல் பயிற்சியும் கட்டாயம். பெரிய நாய் என்றால் காண்டோவோ (தனியார் அடுக்குமாடி) தரைவீடோதான் வழி. காண்டோவில் ஒவ்வொரு நிர்வாகத்துக்கும் ஒரு விதி. சில இடங்களில் பொது இடத்தில் நாயைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். முப்பது கிலோ நாயை எப்படித் தூக்குவது? முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த விதிகளை வாங்கிப் படித்துவிடுங்கள். வாடகை வீடு என்றால் உரிமையாளரின் சம்மதத்தை ஒப்பந்தத்திலேயே எழுத வையுங்கள். வாய்ச்சொல் போதாது.

அப்புறம் வரைபடம். அதில் பச்சையாகத் தெரிவதெல்லாம் நாய்க்குத் திறந்திருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். புக்கிட் தீமா, மெக்ரிச்சி உள்ளிட்ட மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதி, சுங்கை பூலோ, லாப்ரடார் ஆகிய பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிகளுக்குள் நாய்களுக்கு அனுமதி இல்லை. "ஜன்னலைத் திறந்தால் காடு" என்று முகவர் காட்டும் வீட்டில், அந்தக் காட்டுக்குள் உங்கள் நாய் போகவே முடியாது. காட்டோரத்தில் குரங்குகளும் நடமாடும். கையில் பிளாஸ்டிக் பையைப் பார்த்தால் கிட்டே வரும், நாய் குரைத்தால் கூட்டம் சேரும். திறந்திருப்பவை வேறு: பூங்கா இணைப்புப் பாதைகள் தீவு முழுக்க 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகின்றன, பொட்டானிக் கார்டன்ஸுக்குள் ஆர்கிட் தோட்டம், சிறுவர் தோட்டம் போன்ற சில இடங்களைத் தவிர்த்து, கயிறோடு நடக்கலாம்.

எனக்கு மிகப் பிடித்தது பழைய ரயில் தடம். மலாயன் ரயில் ஓடிய பாதை 2011இல் சிங்கப்பூரிடம் வந்தது. தண்டவாளத்தை எடுத்துவிட்டு, உட்லண்ட்ஸிலிருந்து தஞ்சோங் பகார் வரை 24 கிலோமீட்டருக்கு நடைபாதையாக விட்டிருக்கிறார்கள். தங்ளின் ஹால்ட், காமன்வெல்த் பக்கம் வீடு கிடைத்தால் புளோக்கிலிருந்து நேராக இதில் இறங்கிவிடலாம். சிக்னலுக்கு நிற்க வேண்டியதில்லை, கார் பயமும் இல்லை. நாய் மூக்கைத் தரையிலேயே வைத்துக்கொண்டு தன் இஷ்டத்துக்கு நடக்கும். மிளகு அங்கே ஒரு புல் கொத்தைச் சுற்றி முகர்ந்துகொண்டு நின்றால் நான் இழுப்பதே இல்லை, அவளுக்கான நேரம் அது. குறைகளும் உண்டு. பல இடங்களில் விளக்கு கிடையாது, ஆகவே வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்கு நடப்பவர்களுக்கு இது சரிப்படாது. மழைக்குப் பின் சேறு. ஓரத்து உயரமான புல்லில் உண்ணி இருக்கும்; வீட்டுக்கு வந்ததும் காது மடல், விரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் என்று தடவிப் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் நாயின் உயிரையே வாங்கிவிடும்.

இரவில் நடப்பவர்களுக்கு நான் பீஷானைத்தான் சொல்வேன். பீஷான்–அங் மோ கியோ பூங்கா 62 ஹெக்டேர். காங்கிரீட் கால்வாயாக இருந்த காலாங் ஆற்றை உடைத்து, புல்லும் பாறையும் போட்டு ஆறாகவே திருப்பி, 2012இல் திறந்தார்கள். அங் மோ கியோ அவென்யூ 1இல் உள்ள புளோக்குகளிலிருந்து சாலையைக் கடந்தால் பூங்காதான். நாயை அவிழ்த்துவிட வேலி போட்ட ஓட்டத்திடலும் இருக்கிறது. மழை பிடித்தால் ஆற்றில் நீர் வேகமாக ஏறும், எச்சரிக்கை ஒலியும் வரும்; அந்த நேரத்தில் கரையோரப் புல்லில் இறங்காதீர்கள். நீர்நாய்க் குடும்பத்தைப் பார்த்தால் கயிற்றைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு தள்ளிப் போய்விடுங்கள். குட்டியோடு இருக்கும்போது அவை கடிக்கத் தயங்காது.

மரின் பரேட் வீவக வீடுகளிலிருந்து சுரங்கப்பாதை வழியாக ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குப் போகலாம். கடற்காற்று அருமை, ஆனால் வாரக்கடைசியில் சைக்கிள் கூட்டம் நாயைப் பதற வைக்கும். பொங்கோல் நீர்வழிப் பாதை சமதளம், வயதான நாய்க்கு நல்லது. நிழல்தான் குறைவு.

பகுதியை முடிவு செய்தபின், நாயோடு அங்கே இரண்டு முறை போங்கள்: ஒரு முறை காலை ஏழுக்கு, இன்னொரு முறை நீங்கள் வழக்கமாக மாலையில் நடக்கும் நேரத்தில். இங்கே வருஷம் முழுக்க ஏழு மணி வாக்கில்தான் விடியும், அந்த ஒரு மணி நேரம்தான் குளிர்ச்சி. மாலையில் நடைபாதையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஐந்து விநாடி வைக்க முடியவில்லையென்றால் நாயின் பாதமும் தாங்காது. புல் எங்கே தொடங்குகிறது, எத்தனை சாலையைக் கடக்க வேண்டும், கழிவுப் பையைப் போடக் குப்பைத்தொட்டி எங்கே என்று பாருங்கள். மழை விட்ட இரவில் வடிகால் ஓரம் தேரைகள் வரும். வாயால் கவ்வினால் நுரை தள்ளும், அதனால் விளக்குள்ள பாதை முக்கியம்.

லிஃப்டையும் கவனியுங்கள். ஒரே ஒரு சின்ன லிஃப்ட் உள்ள புளோக்கில் நாயோடு வாழ்வது சிரமம். மலாய்க் குடும்பங்கள் பலருக்கு நாயின் எச்சில் படுவது இஸ்லாமிய மார்க்கப்படி ஆகாது, குழந்தைகள் சிலருக்குப் பயம். யாராவது உள்ளே இருந்தால் "நீங்க போங்க, நாங்க அடுத்ததுல வர்றோம்" என்று சொல்லிவிடுவேன். எங்கள் தளத்து மக்சிக் (மலாய் ஆன்ட்டி), இப்போது மிளகு எங்கே என்று அவராகவே விசாரிப்பார்.

கடைசியாக, இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எங்கே என்று பார்த்து வையுங்கள். எல்லா டாக்சியும் நாயை ஏற்றாது. செல்லப்பிராணிகளை ஏற்றும் வண்டி அந்த வட்டாரத்தில் நள்ளிரவில் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று, கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு இரவு செயலியில் தேடிப் பார்த்துவிடுங்கள்.