கொடைக்கானல் வானில் வெஸ்டா: ஒரு சிறுகோளின் நகர்வை நீங்களே பிடிப்பது எப்படி?

பைனாகுலரில் சிறுகோளும் ஒரு புள்ளி, நட்சத்திரமும் ஒரு புள்ளி. சில இரவுகள் இடைவெளி விட்டுப் பார்த்தால்தான் எது இடம் மாறியது என்று தெரியும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் உள்ள பட்டையில் சுற்றும் வெஸ்டாவை, பிரெமன் நகரத்து மருத்துவர் ஓல்பர்ஸ் 1807 மார்ச் 29 அன்று கண்டுபிடித்தார். 1861-இல் வானியலாளர் போக்சன் ‘ஏசியா’ என்ற சிறுகோளைக் கண்டது நம் சென்னை வானாய்வகத்தில். அந்த ஆய்வகத்தின் பணிகள்தான் 1899-இல் கொடைக்கானலுக்கு வந்தன. இந்த மலையில் நின்று சிறுகோள் தேட அதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

முதலில் நாள் பாருங்கள். வானத்தில் சூரியனுக்கு நேர் எதிரே வெஸ்டா வரும்போதுதான் நன்றாகத் தெரியும். 16, 17 மாதத்துக்கு ஒருமுறை அப்படி வரும். ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபடச் செயலியில் தேடி, எந்த விண்மீன் குழுவில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நிலவில்லாத இரவாக இருக்கட்டும்.

அடுத்து இடம். ஏரிப் பக்கத்து விளக்குகளை விட்டு பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போனால் வானம் நல்ல இருட்டு. ஆனால் இரவில் சாலையில் நடக்காதீர்கள், காட்டெருமை வரும். தங்கும் வீட்டு முற்றமே போதும். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித் தாள் சுற்றிவிட்டு, 20 நிமிடம் கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். பைனாகுலர் லென்ஸில் பனி படியும். பார்க்காத நேரத்தில் சால்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்வெட்டர் நுனியால் துடைத்தால் கீறல் விழும்.

இப்போது வரையுங்கள். முழு வேலையும் இதில்தான் இருக்கிறது, அவசரம் வேண்டாம். 10x50 பைனாகுலர் (பத்து மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. லென்ஸ்) போதும். தாளில் ஒரு பெரிய வட்டம் போடுங்கள், அதுதான் பைனாகுலரில் தெரியும் வானம். பளிச்சென்று தெரியும் மூன்று நட்சத்திரங்களை முக்கோணமாக வையுங்கள். அப்புறம் அந்த முக்கோணத்தை வைத்து மங்கலான புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள். எது வெஸ்டா என்று செயலியில் எட்டிப் பார்க்காதீர்கள். எல்லாப் புள்ளியையும் சமமாக வரையுங்கள். தேதி, நேரம் எழுதுங்கள். பென்சில்தான் நல்லது, ஈரத் தாளில் மை ஊறிவிடும்.

மூன்று இரவு கழித்து அதே நேரத்தில், பழைய படத்தைப் பார்க்காமல் இன்னொன்று வரையுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். ஒரே ஒரு புள்ளி மேற்கே தள்ளிப் போயிருக்கும். அதுதான் வெஸ்டா! சூரியனுக்கு எதிரே வெஸ்டா இருக்கும் நாட்களில் அது ஒரு நாளைக்குக் கால் பாகை, அதாவது முழுநிலவின் அகலத்தில் பாதி நகரும். உண்மையில் வெஸ்டா பின்னால் போகவில்லை. பூமி நொடிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகிறது, வெஸ்டா 19 கி.மீ. வேகத்தில். நாம் அதைத் தாண்டிப் போவதால் அப்படித் தெரிகிறது.

கடைசியாக ஒரு கணக்கு. சூரியனிலிருந்து வெஸ்டாவின் சராசரித் தொலைவு, பூமியின் தொலைவைப் போல 2.36 மடங்கு. கெப்ளர் விதிப்படி, இந்தத் தொலைவின் கனமும் சுற்றும் காலத்தின் (ஆண்டுகளில்) வர்க்கமும் சமம். 2.36 × 2.36 × 2.36 = 13.14. அதன் வர்க்கமூலம் 3.63. சரி, வெஸ்டாவுக்கு ஓர் ஆண்டு என்பது நமக்கு 3.63 ஆண்டு. ஏசியாவுக்கு 2.42 என்று போட்டுப் பாருங்கள், 3.77 வரும். அது வெஸ்டாவைவிட மிக மங்கல், தொலைநோக்கி வேண்டும். வரையும் முறை மட்டும் இதேதான்.