ஒரே சட்டியில் க்ரீமி ஓர்சோ

பார்க்க அரிசி மாதிரி இருந்தாலும் ஓர்சோ கோதுமை ரவையில் செய்யும் பாஸ்தா. அரிசியைப் போலக் களைய வேண்டாம், வேகவைத்து வடிக்கவும் வேண்டாம். அதிலிருந்து இறங்கும் மாவுச்சத்துதான் க்ரீம் பதத்தைத் தருகிறது.

மூன்று பேருக்கு 200 கிராம் ஓர்சோ, 600 மில்லி சூடான காய்கறி ஸ்டாக் (காய்கறிகளை வேகவைத்து வடித்த நீர்) போதும். அடிகனமான அகலச் சட்டியில் 150 கிராம் காளானைப் பெரிய தீயில் சிவக்க வதக்கி எடுத்து வையுங்கள். உப்பை முதலிலேயே போட்டால் தண்ணீர் விட்டுக்கொண்டு வேகுமே தவிர, சிவக்காது. அதே சட்டியில் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய், ஒரு வெங்காயம், 3 பல் பூண்டு. வெங்காயம் கண்ணாடியானதும் ஓர்சோவைக் கொட்டி 2 நிமிடம் வறுங்கள், லேசாகப் பொன்னிறம் தட்டி வாசனை வரும்.

ஸ்டாக்கை ஊற்றிச் சிறு தீயில் 9, 10 நிமிடம். நிமிடத்துக்கொரு முறை அடியோடு கிளறுங்கள். மணிகள் கனமாக அடியில் படிந்து பிடித்துக்கொள்ளும். கடைசி 3 நிமிடத்தில் பட்டாணி, ஒரு கைப்பிடி கீரை, காளான்.

மணியின் நடுவில் இன்னும் சிறு கடினம் இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிட்டு 50 மில்லி க்ரீம், 40 கிராம் துருவிய பார்மசான் சீஸ் சேருங்கள். கொதியில் போட்டால் சீஸ் திரிந்து நூலாகும். சீஸில் உப்பு இருப்பதால் அதற்குப் பிறகே ருசி பார்த்து உப்பு. எலுமிச்சை சில சொட்டு, பரிமாறும்போது மட்டும்.

இறக்கும்போது கொஞ்சம் நீர்க்க இருக்கட்டும், ஐந்தே நிமிடத்தில் இறுகிவிடும். மறுநாள் சூடாக்கினால் கால் டம்ளர் வெந்நீர் தேவைப்படும்.