கூர்க்கா மெடல் வாங்குறீங்களா, மொதல்ல விளிம்பப் படிங்க

போன மாசம் ஒரு தம்பி வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்புனாரு. ஒரே பார்ல ரெண்டு மெடல், ஒண்ணு வீரத்துக்குக் கொடுத்த மிலிட்டரி மெடல் (எம்எம்), இன்னொண்ணு மலாயான்னு எழுதுன பட்டை, அதாவது கிளாஸ்ப், போட்ட ஜெனரல் சர்வீஸ் மெடல், மலாயாவுல கம்யூனிஸ்ட் கொரில்லாங்களோட நடந்த எமர்ஜென்சி சண்டைல சர்வீஸ் பண்ணவங்களுக்குக் கொடுத்தது. "அண்ணே, எமர்ஜென்சில எம்எம் வாங்குன கூர்க்கா, எடுத்துரவா?"ன்னு கேட்டாரு. ஆளோட நம்பர், ரேங்க், பேரு இருக்குற விளிம்பு போட்டோ எங்கன்னு கேட்டேன். "ரெண்டுலயும் பேரு ஒண்ணுதாண்ணே"ன்னாரு. எனக்கு வயித்தக் கலக்கிருச்சு. பன்னெண்டு வருஷம் முன்னாடி நான் பேசுன அதே பேச்சு.

சீப்பா கெடைச்சா யோசிங்க, பில் வாங்குங்க, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். விட்டுர்றேன்.

பேரு ஒத்துப்போச்சுன்னு பணத்த நீட்டுறது

இதே மாதிரி ஒரு ஜோடிக்கு நான் 13,000 வெள்ளி கொடுத்தது இப்படித்தான், இன்னிக்கும் நெனச்சா எரியுது. நான் வளந்தது சுங்கை பட்டாணி, அங்கதான் கூர்க்கா ரெக்ரூட்டுங்களுக்கு டிரெய்னிங் டிப்போ இருந்துச்சு, பாட்டி தோட்டத்துல அரிசிய அளந்து கொடுத்த கதையும் ஊரடங்கு கதையும் சொல்லிச் சொல்லி வளத்துச்சு, அதனால அந்த மெடலப் பாத்ததும் என் வீட்டுச் சாமான் மாதிரி ஒரு ஆசை வந்துருச்சு, ஆசை வந்துட்டா கண்ணு எங்க தெரியும்.

விஷயம் இதான். 1948 ஜனவரி 1ல 2, 6, 7, 10ன்னு நாலு கூர்க்கா ரெஜிமென்ட் பழைய இந்தியன் ஆர்மிலேர்ந்து பிரிட்டிஷ் ஆர்மிக்கு மாறுச்சு, மொத்தம் எட்டு பட்டாலியன். 7லயும் 10லயும் பெரும்பாலும் கிழக்கு நேபாளத்து ராய், லிம்பு. 2லயும் 6லயும் மேற்குப் பக்கத்து குருங், மகர். குலப்பேருதான் பின்னாடி வரும், முன்னாடி ஏதாவது ஒரு பகதூர். அப்ப ஒரே கம்பெனில ஒரே பேருல நாலஞ்சு பேரு நிப்பாங்க. குழப்பம் வராம இருக்க பட்டாலியன்லயே ஆளுங்கள நம்பரோட கடைசி ரெண்டு இலக்கத்த வச்சுத்தான் கூப்பிடுவாங்க. அவங்களே பேர நம்பல, நான் நம்புனேன்.

வீட்டுக்கு வந்து லென்ஸ் வச்சு டேபிள் லைட்டுக்கு அடியில மெல்லத் திருப்பிப் பாத்தா, ரெண்டு விளிம்புலயும் 211ல ஆரம்பிக்கிற எட்டு இலக்க நம்பர், அதே ரெஜிமென்ட், அதே பேரு, ஆனா ஒண்ணு 47ல முடியுது, இன்னொண்ணு 83ல. வித்தவருக்குப் போன் போட்டா கொஞ்சமும் அசரல, "1948ல நம்பரெல்லாம் மாத்திட்டாங்க சார்"ன்னாரு. மாத்துனது உண்மைதான், பழைய இந்தியன் ஆர்மி நம்பர் சின்னதா இருக்கும், பர்மா சண்டைல வாங்குன ஐடிஎஸ்எம்ல (அந்த ஆர்மியோட வீர மெடல்) அந்தச் சின்ன நம்பரும் மலாயா மெடல்ல 211 நம்பரும் இருந்தா அது ஒரே ஆளா இருக்கலாம். ஆனா என் கையில இருந்த ரெண்டுமே 1948க்கு அப்புறம் வந்தது, ரெண்டுமே 211. அது எப்படி மாறும்? பாதி உண்மையச் சொல்லி ஏமாத்துறவன்கிட்ட வாதாடி ஜெயிக்க முடியாதுங்க.

ரேங்க் மாறுனா பரவால்ல. ஒண்ணுல ரைபிள்மேன், இன்னொண்ணுல கார்ப்பரல்னா ப்ரமோஷன், அவ்ளோதான். நம்பர் ஒரு இலக்கம் பெசகுனாலும் வச்சுட்டு வந்துருங்க.

கெஜட்ல கதை தேடுறது

பிரிட்டிஷ் அரசாங்க இதழான லண்டன் கெஜட்ல மலாயா அவார்டுக்கு நம்பர், ரேங்க், பேரு, ரெஜிமென்ட்தான் இருக்கும். என்ன செஞ்சு வாங்குனாருன்னு வேணும்னா லண்டன்ல கியூங்குற எடத்துல இருக்குற நேஷனல் ஆர்க்கைவ்ஸ், டபிள்யூஓ 373 பைலுங்க. ஆன்லைன்லயே தேடலாம். பேரப் போட்டு மொதல்ல வர்றத எடுத்துக்காதீங்க, மறுபடியும் அதே குழில விழுவீங்க.

ஒண்ணுல ராஜா, ஒண்ணுல ராணின்னு பயப்படுறது

பயப்படாதீங்க. எமர்ஜென்சி 1948லேர்ந்து 1960 வரைக்கும் ஓடுச்சு, ஆறாம் ஜார்ஜ் ராஜா செத்தது 1952, அப்புறம்தான் மெடல்ல ராணி தலை. ஆரம்பத்துலயே சர்வீஸ் மெடல் வாங்கிட்டு 1955ல எம்எம் வாங்குனவருக்கு அப்படித்தான் இருக்கும். 1955 எம்எம்ல ராஜா தலை இருந்தாத்தான் சந்தேகப்படணும்.

ரிப்பன்

மலாயா கிளாஸ்ப் வர்ற பழைய ஜெனரல் சர்வீஸ் மெடலுக்கு ஊதா, நடுவுல பச்சை. போர்னியோ கிளாஸ்ப் வர்ற 1962 மெடலுக்கு ஊதா, ரெண்டு ஓரமும் பச்சை. மாத்திக் கட்டி விக்கிறாங்க. ரிப்பன்ல வெண்கல ஓக் இலை ஒண்ணு (தளபதி அறிக்கைல பேரு வந்ததுக்கு அடையாளம்) ஒட்டியிருந்தா உடனே வெல ஏத்திக் கேப்பாங்க, அந்த இலைல பேரு கெடையாது, கெஜட்ல ஆளோட நம்பர் இல்லன்னா இலை பசார்ல வாங்குனது.

மிலிட்டரி கிராஸ்ல பேரு தேடுறது

இதுவும் வீர விருதுதான், ஆனா அந்தக் காலத்துல பேரு போட்டுக் கொடுக்கல. பின்னாடி வருஷம் மட்டும். அதனாலயே யாரோட செட்லயும் சேத்து விட்ரலாம், பேப்பர் இல்லாம தொடாதீங்க.

மாத்து மெடல்னா போலின்னு நெனைக்கிறது

போர்னியோவுல 1965 நவம்பர்ல காட்டுன வீரத்துக்கு விக்டோரியா கிராஸ் வாங்குன ராம்பகதூர் லிம்புவோட ஒரிஜினல் மெடலே திருடு போயி, அரசாங்கம் மாத்து மெடல் கொடுத்துச்சு. அவருக்கே அப்படி.

பாலிஷ்

போடாதீங்க.

பிஜேஎம் (பிங்காட் ஜாசா மலேசியா மெடல்)

மலேசியா கொடுத்தது, 1957 சுதந்திரத்துக்கு அப்புறமான சர்வீஸுக்கு. வீர விருது இல்ல. 1951லயே ஊருக்குப் போனவரு செட்ல அது தொங்குனா சிரிச்சுட்டு நகருங்க.

அந்தத் தம்பி கடைசில விளிம்பு போட்டோ அனுப்புனாரு, எம்எம்ல மட்டும். இன்னொரு மெடலோட விளிம்புக்கு இன்னும் காத்துட்டு இருக்கேன். என்னோட ரெண்டையும் பார்லேர்ந்து கழட்டி தனித்தனி டப்பால வச்சிருக்கேன், மூடில 47, 83ன்னு எழுதி.